விரைவு உருவ வரைவு

விரைவு உருவ வரைவு என்பது மனித உடலின் ஒரு நிலையை அரை நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரையான குறுகிய நேரத்துக்குள் வரைந்து முடிக்கும் ஓவியப் பயிற்சி முறையாகும். முகச்சாயல், உடையின் மடிப்புக்கள், விரல்கள் முதலிய நுணுக்கங்களை விடுத்து, உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது, அதன் எடை எங்கே தாங்கப்படுகிறது என்ற இரண்டையும் சில கோடுகளில் பதிவு செய்வதே இதன் நோக்கம். ஓவியம், சிற்பம், இயங்குபடம், வரைகதை, பொம்மை வடிவமைப்பு ஆகிய துறைகளைக் கற்போருக்கு இது ஓர் அடிப்படைப் பயிற்சியாகக் கருதப்படுகிறது.

இப்பயிற்சியில் உருவாகும் படங்கள் பெரும்பாலும் முடிவுற்ற ஓவியங்கள் அல்ல. பலவும் காட்சிக்கு வைக்கப்படாமலே போகின்றன. இசை பயில்பவருக்குச் சாதகம் எவ்வாறோ, வரைபவருக்கு இப்பயிற்சி அவ்வாறாகும்.

பெயரும் வரையறையும்

இம்முறை அசைவு வரைவு என்றும் அழைக்கப்படுவதுண்டு. ஐரோப்பியக் கலைப் பள்ளிகளில் குரோக்கி என்னும் பிரெஞ்சுச் சொல் வழங்குகிறது. இதனைக் கேலிச்சித்திரத்துடன் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. கேலிச்சித்திரம் ஒருவரின் அடையாளத்தை மிகைப்படுத்திக் காட்டுவது. விரைவு உருவ வரைவிலோ வரையப்படுபவர் யார் என்பது முக்கியமன்று. அவர் நிற்கும், சாயும், தூக்கும், இழுக்கும் விதமே முக்கியம்.

புறக்கோட்டு வரைவும் இதுவும் வேறானவை. புறக்கோட்டு வரைவு உடலின் விளிம்பைப் பின்தொடர்கிறது. விரைவு உருவ வரைவு உடலின் உள்ளே தொடங்கி, முதுகுத்தண்டின் வளைவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் செல்கிறது.

நேரக் கட்டுப்பாட்டின் காரணம்

பெயரில் விரைவு என்ற சொல் இருப்பினும், கையின் வேகத்தைக் கூட்டுவது இப்பயிற்சியின் குறிக்கோளன்று. போதிய நேரம் அளிக்கப்பட்டால், புதிதாகக் கற்பவர் பொதுவாகத் தலையில் தொடங்குவார். கண், மூக்கு, வாய் என ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு கீழே இறங்குவார். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே ஓரளவு சரியாக அமைந்திருக்கும். ஆயினும் முழு உருவம் நிற்காது. சில வேளைகளில் பாதங்களை வரையத் தாளில் இடமே எஞ்சியிருக்காது.

ஒரு நிமிடம் மட்டுமே உண்டு என்ற நிலையில் இவ்வழி அடைபடுகிறது. முழு உடலையும் ஒரே பார்வையில் கண்டு, முதன்மையானது எது, விடத்தக்கது எது என்று முடிவு செய்யும் கட்டாயம் ஏற்படுகிறது. எனவே நேரக் கட்டுப்பாடு என்பது கைக்கு இடப்பட்ட கட்டளை அன்று, கண்ணுக்கு இடப்பட்ட கட்டளை எனலாம்.

அடிப்படைக் கருத்துக்கள்

செயற்கோடு

தலையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக எடை தாங்கும் பாதம் வரை செல்லும் கற்பனையான ஒரு கோடு செயற்கோடு எனப்படும். பெரும்பாலான நிலைகளில் இது ஒற்றை வளைவாகவோ இரட்டை வளைவாகவோ அமையும். வில்லை வளைப்பவரின் உடலில் ஒற்றை வளைவையும், ஒரு காலில் சாய்ந்து நிற்பவரின் உடலில் இரட்டை வளைவையும் காணலாம். முதல் சில விநாடிகளில் இக்கோடு மட்டும் வரையப்படும். பின்னர் வரும் அனைத்தும் இதனைச் சார்ந்தே அமையும்.

இரு பெரும் பகுதிகள்

உடற்பகுதியில் மார்புக்கூடு, இடுப்பு என்னும் இரு பகுதிகள் பெரிதும் வடிவம் மாறாதவை. இவற்றுக்கிடையே உள்ள வயிற்றுப் பகுதியே வளைந்து கொடுக்கிறது. ஒருவர் ஒரு காலில் எடையைச் சாய்த்து நிற்கும்போது, அந்தப் பக்க இடுப்பு உயர்கிறது. அதே பக்கத் தோள் தாழ்கிறது. இரண்டு சாய்கோடுகளால் இதனைக் குறித்துவிட்டால், உருவம் நிற்கும் விதத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

எடையும் சமநிலையும்

அசையாமல் நிற்கும் எந்தப் பொருளிலும், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழிறங்கும் செங்குத்துக் கோடு அதன் தாங்கு தளத்துக்குள் விழவேண்டும். கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கும் மனிதரில் இம்மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புப் பகுதிக்குள் அமைகிறது. இரு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும் சேர்ந்தே தாங்கு தளமாகும். ஒரு காலில் நின்றால் தாங்கு தளம் அந்தப் பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இதிலிருந்து வரைபவருக்கு எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. ஒரு காலில் இயல்பாக நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிடுவதாகக் கற்பனை செய்தால், அது எடை தாங்கும் பாதத்தின் மீதோ அதற்கு மிக அருகிலோ விழும். வரைந்த படத்தில் அக்கோடு பாதத்தை விட்டு விலகிச் சென்றால், உருவம் விழுவதுபோலத் தோன்றும்.

சுமை இருக்கும்போது, உடலும் சுமையும் சேர்ந்த மையமே கணக்கில் கொள்ளப்படும். வலது இடுப்பில் தண்ணீர்க்குடம் தாங்கியவரின் மேலுடல் இடப்புறம் சாய்வது இதனாலேயே. தலைச்சுமை தாங்குபவரின் முதுகு நிமிர்ந்தும் அடிகள் குறுகியும் இருப்பதும் இதனாலேயே. ஓடுபவரின் நிலை இதற்கு மறுதலையாகும். விரைந்து புறப்படுபவரின் ஈர்ப்பு மையம் தாங்கும் பாதத்தை முந்திச் செல்கிறது. விழவிருக்கும் உடலை அடுத்த பாதம் தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஓட்டத்தை வரையும்போது சமநிலையைப் பிழையின்றிக் காட்டினால் ஓட்டம் நின்றுவிடும்.

வரலாறு

பிற நாடுகளில்

தெருவில் செல்வோரின் அசைவுகளைச் சில கோடுகளில் குறித்துக்கொள்ளச் சிறு குறிப்பேடு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்று இளம் ஓவியர்களுக்கு லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புக்களில் அறிவுறுத்தியுள்ளார். யப்பானிய ஓவியர் ஒக்குசாயின் வரைவுத் தொகுதிகளின் முதல் நூல் 1814 ஆம் ஆண்டு வெளிவந்தது. உழைப்போர், மற்போர் செய்வோர், குளிப்போர், நடனமாடுவோர் எனப் பலவகை மனிதர்களின் நிலைகள் அத்தொகுதிகளில் நிறைந்துள்ளன. பிரெஞ்சுச் சிற்பி ரொடான், நடமாடும் மாதிரியாட்களைத் தாளைப் பார்க்காமலே வரைந்து பழகினார்.

இம்முறையை ஒழுங்கான பாடத்திட்டமாக வகுத்தவர்களுள் நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக்கில் கற்பித்த கீமொன் நிக்கொலாய்டசு குறிப்பிடத்தக்கவர். அவர் 1938 இல் காலமானார். அவருடைய பாடங்கள் 1941 இல் நூலாக வெளிவந்தன. பொருள் எப்படித் தோன்றுகிறது என்பதைவிட அது என்ன செய்கிறது என்பதையே மாணவர் முதலில் வரையவேண்டும் என்பது அவர் பாடத்தின் சாரம். 1932 இல் வால்ட் டிஸ்னி தம் இயங்குபடக் கலைஞர்களுக்காக டான் கிரகாம் என்னும் ஆசிரியரைக் கொண்டு மாலை வகுப்புக்களைத் தொடங்கினார். உயிருள்ள மாதிரிகளை வரைதல் அவ்வகுப்புக்களின் முதன்மைப் பகுதியாக இருந்தது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

சாந்திநிகேதனில் கற்பித்த நந்தலால் போசு, சிறு அட்டைகளில் நாள்தோறும் கண்டவற்றை வரையும் பழக்கமுடையவர். அத்தகைய அட்டைகள் பலவற்றை அவர் தம் மாணவர்களுக்கு அஞ்சலிலும் அனுப்பினார்.

சென்னையில் அலெக்சாண்டர் அன்டர் என்னும் மருத்துவர் 1850 இல் தொடங்கிய கலைப் பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியாகும். 1929 இல் இதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற தேவி பிரசாத் ராய் சவுத்ரி, சென்னை மெரினாக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை உருவாக்கியவர். 1959 இல் நிறுவப்பட்ட அச்சிலையில் நால்வர் ஒரு பாறையை நகர்த்த முயல்கின்றனர். முகங்களை மறைத்துவிட்டுப் பார்த்தாலும், எவர் தள்ளுகிறார், எவர் நெம்புகிறார், எந்தக் கால் தரையை உதைக்கிறது என்பது உடல்களின் சாய்விலிருந்தே விளங்கும். விரைவு உருவ வரைவு பயில்வோர் முதலில் வரைந்து பார்க்கத்தக்க சிலை இது.

தமிழ் இதழ்களின் ஓவியர்களிடம் இரு வேறு அணுகுமுறைகளைக் காணலாம். சில்பி (1919–1983) கோயில்களில் நெடுநேரம் அமர்ந்து, சிற்பங்களின் அணிகலன்களையும் நுணுக்கங்களையும் பொறுமையுடன் வரைந்தவர். கோபுலு (1924–2015) தம் நகைச்சுவைச் சித்திரங்களில் ஒருவரின் நிற்பையும் நடையையும் கொண்டே அவருடைய குணத்தை உணர்த்தியவர். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. எனினும் விரைவு உருவ வரைவு இரண்டாவது திறனையே நேரடியாக வளர்க்கிறது.

சிற்ப மரபுடன் ஒப்பீடு

இந்தியச் சிற்ப மரபு உருவத்தை அளவிலிருந்து தொடங்குகிறது. முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட தாள அளவு முறையில் ஒவ்வோர் உறுப்பின் நீளமும் வகுக்கப்பட்டுள்ளது. உத்தம தசதாளம் எனப்படும் அளவில் திருவுருவத்தின் உயரம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும். இங்கு அங்குலம் என்பது அந்த உருவத்தின் உயரத்திலிருந்தே பெறப்படும் அலகு. அளவுகோலின் அங்குலம் அன்று.

ஆயினும் அளவு மட்டும் சிற்பிக்குப் போதுமானதாக இருக்கவில்லை. உடலின் வளைவு நிலைகளும் தனியே வகுக்கப்பட்டன.

சமபங்கம்: இரு கால்களிலும் எடை சமமாகத் தாங்கப்படும் நேர்நிலை.
ஆபங்கம்: ஒரு காலில் எடை சற்றே சாய்ந்த, மெல்லிய வளைவுடைய நிலை.
திரிபங்கம்: தலை, மேலுடல், இடுப்பு ஆகியன மாறிமாறிச் சாயும் மூவளைவு நிலை.
அதிபங்கம்: வளைவு மிகுந்த, விசையான இயக்கத்தைக் காட்டும் நிலை.

இந்நிலைகளை அளப்பதற்குச் செங்குத்தான நூல்கள் பயன்பட்டன. மேலே கூறப்பட்ட தூக்குக்குண்டுச் சோதனை மேற்கத்திய வகுப்பறைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது. முயலகன் மீது வலது காலை மடித்து ஊன்றி, இடது காலைக் குறுக்கே தூக்கிய நடராசர் திருவுருவத்தில், உடலின் நடுப்பகுதி ஊன்றிய பாதத்துக்கு மேலேயே அமைவதைக் கவனிக்கலாம். அத்தனை கைகளும் விரிசடையும் இருந்தும் அவ்வுருவம் விழுவதுபோலத் தோன்றாததற்கு இதுவே முதற்காரணம்.

அளவிலிருந்து நிலைக்குச் செல்வது சிற்ப மரபின் வழி. நிலையிலிருந்து அளவுக்குச் செல்வது விரைவு உருவ வரைவின் வழி.

விருத்தாசலமும் உருவ வரைவும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரைக் கொண்ட கோயில் ஊராகும். அதேவேளை, பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இவ்விரு சிறப்புக்களும் விரைவு உருவ வரைவுடன் நேரடித் தொடர்புடையவை.

கரணச் சிற்பங்கள்

பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் 108 கரணங்களை விளக்குகிறது. கரணம் என்பது கையசைவும் காலசைவும் இணைந்த ஓர் ஆடல் அலகு. தஞ்சாவூர், சிதம்பரம், கும்பகோணம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களின் கோயில்களைப் போலவே விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கோபுரத்திலும் கரணச் சிற்பங்கள் இடம்பெற்றுள்ளன.

இயங்கிக்கொண்டிருக்கும் ஆடலிலிருந்து ஒரு கணத்தைத் தேர்ந்து கல்லில் நிறுத்துவது, விரைவு உருவ வரைவில் செய்யப்படும் தேர்வைப் போன்றதே. தேர்ந்த கணம் தவறினால் ஆடுபவர் தடுக்கி விழுபவராகத் தோன்றுவார். எனவே மாதிரியாள் கிடைக்காத மாணவருக்கு இச்சிற்பங்கள் சிறந்த மாதிரிகளாகும். ஒரு சிற்பத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் செயற்கோட்டையும், தோள், இடுப்பு ஆகியவற்றின் சாய்வையும் மட்டும் வரைந்து செல்வது பயன் தரும். சிற்பம் அசையாது என்பதால் நேரத்தை நீட்டிக்கும் ஆசை எழும்; அதனைத் தவிர்க்கவேண்டும்.

பீங்கான் பொம்மைகள்

அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியுடன் களிமண் படிவுகளும் கிடைக்கின்றன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடங்கள் உள்ளன; பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் உண்டு. இவ்வூர்ப் பொருட்களுள் பொம்மைகளும் அடங்கும்.

பீங்கான் பொம்மைகள் பொதுவாக அச்சு வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. முதலில் ஒரு மூல உருவம் செய்யப்படும். அதிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு எடுக்கப்படும். அச்சினுள் களிமண் குழம்பை ஊற்றினால், அச்சின் சுவர் நீரை உறிஞ்சி, உட்புறத்தில் களிமண் படலம் ஒன்று படியும். மிகுதிக் குழம்பைக் கொட்டிவிட்டுப் படலம் இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மை எடுக்கப்படும். இணைப்புத் தடங்கள் சீவப்பட்டு, உலர்த்தப்பட்டு, மெருகு பூசப்பட்டுச் சூளையில் சுடப்படும்.

இவ்வரிசையில் பொம்மையின் நிலை முடிவாவது மூல உருவத்தின்போது மட்டுமே. அதன்பின் எவ்வளவு நுட்பமாகச் சீவினாலும் வண்ணம் தீட்டினாலும், சாய்ந்த பொம்மை நிமிராது. மேலும், உயர் வெப்பத்தில் களிமண் சற்று இளகும்போது, தாங்கு தளத்தை விட்டு எடை விலகிய பொம்மை தன் எடையாலேயே மேலும் சாயக்கூடும். வெளியே நீண்ட மெல்லிய கைகால்களும் உடையவோ வளையவோ வாய்ப்புண்டு. ஆகவே உடலோடு ஒட்டிய கைகளும் அகன்ற அடிப்பாகமும் கொண்ட நிலைகள் வார்ப்புக்கு ஏற்றவை.

தாளில் ஒரு கோட்டால் திருத்திவிடக்கூடிய சமநிலைப் பிழை, அச்சு எடுக்கப்பட்ட பின் ஒவ்வொரு பொம்மையிலும் மீண்டும் பிறக்கிறது. மூல உருவம் செய்பவர் அதற்கு முன் இருபது, முப்பது விரைவு வரைவுகள் போட்டுப் பார்ப்பதன் பயன் இதுவே. பழைய பொம்மையைப் பார்த்தே புதிய மூல உருவம் செய்தால், பழைய நிலைகளே மீண்டும் வரும். மாவரைப்பவரையும் கூடை சுமப்பவரையும் நேரில் வரைந்து செய்தால், கொலுப்படிக்குப் புதிய நிலை ஒன்று கிடைக்கும்.

பயிற்சி முறை

தேவையான பொருட்கள்

மலிவான தாள்களும், மென்மையான பென்சில், கரித்துண்டு, பந்துமுனைப் பேனா ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றும் போதும். விலையுயர்ந்த தாள் வீணாகிவிடுமோ என்ற தயக்கத்தை உண்டாக்குமாதலால் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. அழிப்பான் பயன்படுத்தக்கூடாது. தவறான கோட்டின் மீதே சரியான கோட்டை வரையலாம். மணிக்கட்டை மட்டுமன்றித் தோளிலிருந்து கையை அசைத்து வரைவதற்கு ஏற்பத் தாள் பெரிதாக இருத்தல் நல்லது.

ஒரு பயிற்சி அமர்வு

45 நிமிட அமர்வைப் பின்வருமாறு பிரித்துக்கொள்ளலாம்.

30 விநாடி வரைவுகள் 10: செயற்கோடும் தலையும் மட்டும்.
1 நிமிட வரைவுகள் 10: தோள், இடுப்புச் சாய்வுகளும் எடை தாங்கும் காலும்.
2 நிமிட வரைவுகள் 5: மார்புக்கூடு, இடுப்பு ஆகிய இரு பெரும் பகுதிகளும் கைகால்களும்.
5 நிமிட வரைவுகள் 3: உறுப்புக்களின் பருமனும் ஓரளவு நிழலும்.
இறுதி 5 நிமிடம்: அன்று வரைந்தவற்றுள் ஒன்றைப் பாராமல் நினைவிலிருந்து வரைதல்.

மாதிரிகளைக் காணும் இடங்கள்

நகரக் கலைக் கல்லூரிகளில் மாதிரியாட்கள் அமர்த்தப்படுவதுண்டு. அவ்வசதி இல்லாத ஊர்களில் பேருந்து நிலையமும் சந்தையும் வகுப்பறையாகலாம். விருத்தாசலம் ஒரு தொடருந்துச் சந்திப்பாகும். நடைமேடையில் காத்திருப்போர் சில நிமிடங்களுக்கு நிலை மாறாதிருப்பர். மாறினாலும் பெரும்பாலும் முந்தைய நிலைக்கே திரும்புவர். ஆகவே ஒரே தாளில் மூன்று, நான்கு வரைவுகளைத் தொடங்கி வைத்து, அவரவர் பழைய நிலைக்குத் திரும்பும்போது தொடர்வது வழக்கம். உளி செதுக்குதல், நாற்று நடுதல், சக்கரத்தில் பானை வனைதல் போன்று திரும்பத் திரும்ப நிகழும் வேலைகளும் தொடக்க நிலையினருக்கு ஏற்றவை.

பொது இடத்தில் வரையும்போது சில ஒழுங்குகள் பின்பற்றத்தக்கவை. வரையப்படுபவர் கவனித்துக் கேட்டால், படத்தைக் காட்டிச் செய்தியைச் சொல்லவேண்டும். அவர் விரும்பாவிடில் நிறுத்திவிடவேண்டும். குளிக்கும் துறைகள், மருத்துவமனைகள், துயர நிகழ்வுகள் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். அடையாளம் தெரியும்படியான முகத்தை வரைவது இப்பயிற்சிக்குத் தேவையில்லை என்பது இங்கு ஒரு வசதியாகும்.

பொதுவான பிழைகள்

உருவத்தை விறைப்பாக, செங்குத்துக் கோடுகளால் வரைதல்.
ஒரே விளிம்பைப் பல சிறு கோடுகளால் தடவித்தடவி வரைதல்.
தலையைப் பெரிதாகவும் பாதங்களைச் சிறிதாகவும் அமைத்தல்.
கண்ட வளைவைவிடக் குறைத்து வரைதல். கை இயல்பாகவே வளைவை நேராக்க முனைவதால், சற்று மிகைப்படுத்தி வரைவதே உண்மைக்கு நெருங்கி வரும்.
நேரம் முடிந்த பின்னும் படத்தை அழகுபடுத்துதல்.

குழுவாகப் பயிலுதல்

இப்பயிற்சியைத் தனியே தொடங்குவோர் பலர் விரைவில் கைவிடுகின்றனர். முதல் நூறு வரைவுகள் அழகாக அமையாமையே இதற்குப் பெரிதும் காரணம். சிலராகச் சேர்ந்து ஒரே மாதிரியை ஒரே நேர அளவில் வரைந்து ஒப்பிடும்போது, பிறருடைய தாளிலும் கோணல் உருவங்களே மிகுதி என்பது தெரியவருகிறது. 2007 இல் கபிரியேல் கம்பனாரியோ தொடங்கிய நகர வரைவாளர்கள் இயக்கம், நேரில் கண்டு வரைந்தவற்றைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைப் பல நாடுகளில் பரப்பியது.

ஒவ்வொரு தாளிலும் நாளையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறித்தல் நன்று. கருத்துக் கூறுபவர், படம் நன்றாக உள்ளது, இல்லை என்பதோடு நிறுத்தாமல், எடை எந்தக் காலில் உள்ளது எனக் கேட்கவேண்டும். வரைந்தவர் விளக்காமலே பிறர் சரியாக விடை சொல்லிவிட்டால் அவ்வரைவு தன் பணியைச் செய்துவிட்டது.

வரம்புகள்

விரைவு உருவ வரைவு மட்டும் ஒருவரை முழுமையான ஓவியராக்காது. எலும்பு, தசை அமைப்புக்களைக் கற்பதும், ஒரே நிலையை மணிக்கணக்கில் வரைவதும் உடன் தேவை. இவையின்றி நெடுநாள் விரைவு வரைவு மட்டும் செய்வோரிடம், எந்த உடலைக் கண்டாலும் ஒரே அழகிய வளைவை இடும் பழக்கம் உருவாகக்கூடும். அந்நிலையில் கை வரைகிறது, கண் பார்ப்பதில்லை.

ஒளிப்படங்களைப் பார்த்து வரைவதற்கும் வரம்புண்டு. அருகிலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் முன்னே நீட்டிய கை மிகப் பெரிதாகத் தெரியும். எடை மாறும் கணமும் அதில் உறைந்துவிடுகிறது. நேரில் காண்பவர், அந்நிலைக்கு முன்னும் பின்னும் உடல் எவ்வாறு அசைந்தது என்பதையும் அறிந்தே வரைகிறார். ஆகவே ஒளிப்படப் பயிற்சியை நேரடி வரைவுக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, மாற்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.